ட்ரிபிள் ஈ இரண்டாம் வருடம்: அப்பா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை

கேட்டவர்: வைண்டிங் கடைப் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ட்ரிபிள் ஈ (எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) படிக்கிறேன். நாலாவது செமஸ்டர் லேப் எக்ஸாம் போன வாரம் முடிந்தது. இப்போது ஸ்டடி ஹாலிடே, வீட்டில் இருக்கிறேன். வீடு பல்லடம் பக்கம். அப்பா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். கட் ஆஃப் 168தான் வந்தது, சி.எஸ். கிடைக்காததால் ட்ரிபிள் ஈ எடுத்தேன் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் நினைக்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, வார்னிஷ் வாசத்திலேயே வளர்ந்தவள் நான். மூன்றாவது படிக்கும்போதே ஸ்லாட்டுக்கு, அதாவது மோட்டாரில் கம்பி உட்காரும் பள்ளத்துக்கு, லெதராய்டு இன்சுலேஷன் பேப்பர் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். இந்தப் படிப்பு எனக்குச் சுலபமாக வரும் என்று நம்பித்தான் சேர்ந்தேன்.

வரவில்லை. போன செமஸ்டரில் ஃபீல்ட் தியரி அரியர். கிரேடியன்ட், டைவர்ஜென்ஸ், கர்ல் என்று மூன்றையும் மனப்பாடம் செய்து போனேன், கணக்கை மாற்றிக் கேட்டுவிட்டார்கள். சரி, அது போகட்டும் என்று இருந்தேன். மெஷின்ஸ் லேப்பில்தான் உண்மையாகவே அசிங்கமாகிவிட்டது.

எனக்கு வந்தது த்ரீ ஃபேஸ் இன்டக்‌ஷன் மோட்டார் லோடு டெஸ்ட். கனெக்‌ஷனைப் பத்து நிமிடத்தில் கொடுத்தேன். லோடு இல்லாதபோது ஒரு வாட்மீட்டர் முள் பின்பக்கம் போனது, பக்கத்து டேபிள் பையன் பயந்து சுவிட்சை அணைக்கப் போனான், நான்தான் தடுத்து அந்த மீட்டரின் காயிலை மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றி, பெல்ட்டை இறுக்கி, ரீடிங் எல்லாம் அழகாக எடுத்தாயிற்று. வேகம் நிமிடத்துக்கு லோடு இல்லாமல் 1492 சுற்று, முழு லோடில் 1440. வெளியில் இருந்து வந்த எக்ஸாமினர் என் ரெக்கார்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சின்க்ரோனஸ் ஸ்பீடு 1500. மோட்டார் ஏம்மா அங்க போகல?"

"ஃப்ரிக்‌ஷன் லாஸ் சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புலம்பினேன். அவர் அப்போது ஒரு மாவு மில் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார், ஏழரை எச்.பி. கையைத் துடைத்துவிட்டுப் பேர்ப்பலகையைக் காட்டினார். "இதுலயும் 1440னுதான் போட்டிருக்கான் சாமி. உன் புக்குல 1500ங்கற. அந்த அறுபது எங்க போச்சு?" அவரிடமும் ஃப்ரிக்‌ஷன் என்றேன். "புது பேரிங் போட்டு கிரீஸ் வெச்சு ஓட்டினாலும் மில்லுல லோடு ஏத்துனா அதே 1440தான் வருது. இது பேரிங் சமாச்சாரம் இல்ல சாமி" என்றார்.

அப்பா எட்டாவது வரைதான் படித்தவர். எரிந்த மோட்டாரைத் திறந்து ஒரு பார்வை பார்த்தாலே, "ஸ்டார் கனெக்‌ஷன், ஒரு ஃபேஸ் போயிருக்கு, ரெண்டு ஃபேஸ் கருகி ஒண்ணு மட்டும் புதுசா நிக்குது பாரு" என்று சொல்லிவிடுவார். நான் அதே விஷயத்துக்கு மூன்று பக்கம் சமன்பாடு எழுதுவேன், ஆனால் எரிந்த மோட்டாரைக் காட்டினால் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஒரு பாலம் விட்டுப்போயிருக்கிறது.

சுழலும் காந்தப்புலம் என்கிறார்கள். கம்பி சுழலவில்லை, இரும்பு சுழலவில்லை, பிறகு எதுதான் சுழல்கிறது? என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஹாஸ்டலில் சி.எஸ். தோழிகள் எல்லோரும் கோடிங் டிரெயினிங் போகிறார்கள். எங்கள் வகுப்பிலும் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். நானும் பேசாமல் பைத்தான் கற்றுக்கொண்டு, இதை டிகிரிக்காக மட்டும் முடித்துவிடலாமா என்று தோன்றுகிறது. திங்கட்கிழமை மெஷின்ஸ் பேப்பர், அடுத்த வாரம் ஃபீல்ட் தியரி அரியர். உண்மையைச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

---

பதில்: பழைய ரிலே

திட்ட மாட்டேன் கண்ணு. ஈ.பி.யில் 33 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், அதில் பாதி ரிலே டெஸ்டிங்கில் போனது. உன் அப்பா கேட்டது நல்ல கேள்வி. உன் பதிலும் முழுத் தப்பு இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ பல்லடத்துப் பொண்ணு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே இருந்து கிழக்கே வண்டியில் போகிறாய் என்று வைத்துக்கொள். காற்று மணிக்கு 40 கிலோமீட்டர், உன் வண்டியும் அதே திசையில் 40. உன் துப்பட்டா பறக்குமா? பறக்காது. காற்றும் நீயும் ஒன்றாகப் போகிறீர்கள், உன்னைப் பொறுத்தவரை காற்றே இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிப் பார். வண்டி 30க்கு இறங்கும். இப்போது முதுகில் காற்று படும், தள்ளும்.

அசையாத வெளிப்பாகமான ஸ்டேட்டர் உண்டாக்கும் காந்தப்புலம்தான் அந்தக் காற்று, 1500 வேகத்தில் சுற்றுகிறது, அதுதான் சின்க்ரோனஸ் ஸ்பீடு. உள்ளே சுற்றும் ரோட்டர்தான் வண்டி. ரோட்டரும் 1500ஐத் தொட்டுவிட்டால் அதன் கண்ணோட்டத்தில் புலம் அசையாமல் நிற்கிறது. அசையாத புலம் ரோட்டர் கம்பியை வெட்டாது. வெட்டாவிட்டால் வோல்டேஜ் இல்லை, கரன்ட் இல்லை, தள்ளும் விசையும் இல்லை. தள்ள ஆள் இல்லாமல் வேகம் குறையும். குறைந்த உடனே வெட்டு ஆரம்பிக்கும், மறுபடி தள்ளும். மாவு மில்லில் சோளத்தைக் கொட்டினால் இன்னும் பலமான தள்ளு வேண்டும், அதற்கு ரோட்டர் இன்னும் கொஞ்சம் பின்தங்க வேண்டும். 1440இல் வந்து நிற்கிறது. அந்த அறுபது எங்கேயும் போகவில்லை, அதுதான் மோட்டாரை ஓட்டுகிறது. 1500இல் 60 என்றால் நாலு சதவீதம். ரோட்டருக்குள் ஓடும் கரன்டின் அதிர்வெண் 50இல் நாலு சதவீதம், வெறும் 2 ஹெர்ட்ஸ்.

உன் ஃப்ரிக்‌ஷன் பதிலுக்கு வருகிறேன். லோடு இல்லாமல் 1492 வந்தது அல்லவா? அந்த எட்டு சுற்றுக்குக் காரணம் பேரிங்கும் காற்றுத் தடையும்தான். அவற்றை வெல்ல ஒரு சின்னத் தள்ளு வேண்டும், அதற்கு ஒரு சின்னப் பின்தங்கல். இப்படி ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் எக்ஸாமினர் உன்னை உட்கார வைத்துப் பேசியிருப்பார்.

எது சுழல்கிறது என்று கேட்டாய். நான் சொல்ல மாட்டேன், அப்பாவிடம் போய் இரண்டு விஷயம் கேள். ஒன்று, 36 ஸ்லாட், நாலு போல் (காந்தத் துருவம்) மோட்டாரில் மூன்று ஃபேஸின் ஆரம்ப முனைகளை எந்த எந்த ஸ்லாட்டில் வைக்கிறார்? இரண்டாவது, வைண்டிங் முடித்ததும், ரோட்டரைப் போடுவதற்கு முன்னால் உள்ளே ஒரு பேரிங் குண்டு விட்டுப் பார்ப்பாரா? கேட்டுவிட்டு வந்து எழுது.

இன்னொன்று. உங்கள் லேப்பில் ஆல்டர்னேட்டரை (ஏ.சி. ஜெனரேட்டரை) லைனோடு சேர்க்கும் எக்ஸ்பெரிமென்ட் இருக்கும், மூன்று பல்பு கட்டி, மூன்றும் சேர்ந்து அணையும் நேரத்தில், அதாவது இரண்டும் ஒத்துப்போகும் நேரத்தில் சுவிட்சைப் போடுவது. பையன்கள் அதை விளையாட்டாகச் செய்வார்கள். 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வட இந்தியா இருண்டது. 31ஆம் தேதி கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. நமக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன்? அப்போது தென்னக கிரிட் தனியாகச் சுழன்றுகொண்டிருந்தது, மற்ற கிரிட்டுகளோடு எச்.வி.டி.சி. (உயர் அழுத்த டி.சி.) வழியாக மட்டும்தான் தொடர்பு. டி.சி.க்கு அதிர்வெண் கிடையாது, அங்கே விழுந்தது இங்கே இழுக்கவில்லை. 2013 டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக இரண்டு கிரிட்டையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். அன்று சேர்த்ததும் உங்கள் லேப் மூன்று பல்பு சமாச்சாரம்தான், அளவுதான் பெரிது. அந்தச் செய்தி வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

---

பதில்: ஓஎம்ஆர் வாசி

ரிலே சார் அழகாக எழுதிவிட்டார். நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபிக்காதே தங்கச்சி.

நானும் ட்ரிபிள் ஈ. 2013இல் முடித்தேன். எங்கள் வகுப்பில் 58 பேர், இன்று மின்சாரம் சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பவர்கள் ஏழு பேர். நான் அந்த ஏழில் இல்லை. படித்து முடித்ததும் ஒரு பேனல் போர்டு கம்பெனியில் எட்டாயிரம் ரூபாய்க்குச் சேர்ந்தேன். கல்விக் கடன் தவணை ஆறாயிரத்துச் சொச்சம். மீதியில் அம்பத்தூரில் நாலு பேரோடு ஒரு ரூமில் இருந்தேன். ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்துவிட்டு டெஸ்டிங் கோர்ஸ் படித்து ஐ.டி.க்கு வந்தேன். கடன் அடைந்தது, தங்கைக்குக் கல்யாணம் ஆனது. இதற்காக நான் வெட்கப்படவில்லை. கோர் வேலைக்குப் போகாதவர்கள் எல்லாம் தோற்றுப்போனவர்கள் என்று பேசும் ஆட்களை நம்பாதே. அவர்கள் உன் தவணையைக் கட்டப் போவதில்லை.

ஆனால் உன் கேள்வியில் ஒரு தப்பு இருக்கிறது. கோடிங்கா, மெஷினா என்று இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டாய். நான் படித்தபோது எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது ஓசூரில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்கிறார்கள், அந்த மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலருக்குள் இருப்பது சி புரோகிராம். அதை எழுதுகிறவனுக்கு ரோட்டர் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த ஃபேஸுக்கு எப்போது எவ்வளவு கரன்ட் விட வேண்டும் என்று தெரியாவிட்டால் ஒரு வரிகூட எழுத முடியாது. சி.எஸ். படித்த என் நண்பன் ஒருவன் அங்கே போய் மூன்று மாதம் மோட்டார் தியரி படித்தான், என்னிடம் போன் போட்டுச் சந்தேகம் கேட்டான். எனக்கு மறந்துபோயிருந்தது. அந்த போனை வைத்தபோது இருந்த உணர்ச்சியை இங்கே எழுத வேண்டாம்.

பைத்தான் படி. ஆனால் அதற்கு முன்னால் சி படி, ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கி அப்பா கடையில் ஒரு சின்ன மோட்டாரைச் சுற்ற வை. உன்னிடம் கடையே இருக்கிறது. எனக்கு இருந்ததெல்லாம் ரெக்கார்டு நோட்டு.

---

பதில்: கயத்தாறு காற்று

பாலக்காட்டுக் காற்றைச் சொல்லி என்னை உள்ளே இழுத்துவிட்டீர்கள். நான் பதினோரு வருடமாகக் காற்றாலையில் இருக்கிறேன், டிப்ளமோ முடித்து இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேர்ந்து பி.இ. முடித்தவள்.

ரிலே சார் சொன்ன வண்டியையே எடுத்துக்கொள்ளம்மா. ரோட்டர் 1440இல் இருந்தால் புலம் ரோட்டரைத் தள்ளுகிறது. ரோட்டரை வெளியில் இருந்து யாராவது பிடித்து 1515க்குத் தள்ளினால்? இப்போது ரோட்டர் முந்துகிறது, புலம் பின்னால் வருகிறது. வெட்டும் திசை மாறுகிறது, கரன்டின் திசையும் மாறுகிறது, மோட்டார் லைனுக்குள் கரன்டை அனுப்ப ஆரம்பிக்கிறது. முப்பந்தலில் நிற்கும் பழைய காற்றாலைகளில் எத்தனையோ இப்படித்தான் ஓடுகின்றன. உள்ளே இருப்பது உன் அப்பா கட்டும் மோட்டாரின் பெரியண்ணன்தான். இறக்கை மெதுவாகச் சுற்றும், நடுவில் கியர்பாக்ஸ் அதை 1500க்கு மேலே ஏற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். நான் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டு அசந்துபோனேன். "அப்போ மோட்டாரையும் ஜெனரேட்டரையும் தனித்தனிப் பாடமா எதுக்குச் சார் நடத்துனாங்க?" என்று சீனியரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அதில் ஒரு குறை உண்டு. காந்தப்புலம் உண்டாக்க அதற்கு லைனில் இருந்தே ரியாக்டிவ் பவர் வேண்டும். அதற்காகத்தான் பக்கத்தில் கெபாசிட்டர் பேனல். லைன் போய்விட்டால் எவ்வளவு காற்று அடித்தாலும் அது சும்மாதான். ஊர்க்காரர்கள் வந்து, "இவ்வளவு காத்தாடி சுத்துது, எங்க தெருவுல கரன்ட் இல்லையே" என்று கேட்பார்கள். நின்று விளக்கிச் சொல்லியிருக்கிறேன், ஒருவர்கூட நம்பியதில்லை.

பெண் பிள்ளை என்பதால் ஒன்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் சொல்ல மாட்டார்கள். நான் முதலில் போன இன்டர்வியூவில் இருபது நிமிடம் பேசினார்கள், அதில் பதினைந்து நிமிடம் "ராத்திரி ஷிப்டுக்கு வீட்ல விடுவாங்களா, கல்யாணம் ஆனா என்ன பண்ணுவீங்க, மேல ஏறுவீங்களா" என்பதுதான். டெக்னிக்கல் கேள்வி இரண்டே இரண்டு. வேலை கொடுக்கவில்லை. இரண்டாவது இடத்தில் ஏறிக் காட்டச் சொன்னார்கள், ஏறினேன். சேர்ந்த பிறகு சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை வர இரண்டு வருடம் ஆனது. இதெல்லாம் இருக்கும், தெரிந்துகொண்டே வா. ஆனால் சாயங்காலம் மேலே உச்சியில் நின்று பார்த்தால் தெரியும் காட்சிக்காக நான் ஒரு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுப்பேன். (என் கணவர் இதைப் படிக்கக் கூடாது.)

---

பதில்: போர்வெல்

முக்கியமான விஷயத்தை யாரும் கேட்கவில்லை. அப்பா சப்மெர்சிபிள் கட்டுவாரா? என்னுடையது போன வாரம்தான் புகைந்தது.

---

பதில்: சாக்பீஸ்

ஃபீல்ட் தியரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதைப் பதினாறு வருடமாக நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் அதிகம் பேர் விழும் பேப்பர் அது. பாதிக் குற்றம் எங்களுடையது. முதல் நாளே கோஆர்டினேட் சிஸ்டம் மூன்றையும் பலகை நிறைய எழுதினால் எந்தப் பிள்ளைக்கும் வயிற்றைக் கலக்கும்.

கர்ல் என்பதை மனப்பாடம் செய்யாதே. உங்கள் ஊர்ப் பக்கம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்காலில் தண்ணீர் விடும்போது போய் நில். நடுவில் தண்ணீர் வேகமாகப் போகும், கரை ஓரத்தில் மெதுவாகப் போகும். தென்னை ஓலையில் ஒரு சின்னக் காற்றாடி செய்து, ஈர்க்கில் குத்தி, கரை ஓரத்தில் தண்ணீருக்குள் செங்குத்தாகப் பிடி. நடுப்பக்கம் இருக்கும் இலையை வேகமான தண்ணீர் தள்ளும், கரைப்பக்க இலையை மெதுவான தண்ணீர் தள்ளும், காற்றாடி சுற்றும். அந்த இடத்தில் கர்ல் இருக்கிறது. சரியாக நடுவில் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே வேகம், சுற்றாது. தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அங்கே கர்ல் பூஜ்யம்தான். ஓட்டம் வேறு, சுழற்சி வேறு. இதைப் பார்த்த பிறகு அந்தப் பெரிய டிடர்மினன்டை எழுதிப் பார், ஒவ்வொரு உறுப்பும் பக்கத்துப் பக்கத்து வேகங்களின் வித்தியாசம்தான் என்று தெரியும்.

அப்புறம் ஃபாரடே விதி. மின்புலத்தின் கர்ல் என்பது காந்தப்புலம் நேரத்தோடு மாறும் வீதம், குறி மட்டும் எதிர். மாறுகிற காந்தப்புலத்தைச் சுற்றி மின்புலம் வளையமாகச் சுழல்கிறது. அந்த வளையத்தில் உன் அப்பா கம்பியைச் சுற்றி வைக்கிறார். இவ்வளவுதான் டிரான்ஸ்பார்மர், இவ்வளவுதான் மோட்டார். ஃபாரடே 1831இல் இரும்பு வளையத்தில் இரண்டு காயில் சுற்றிப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். அவர் அதிகம் கணக்குப் படித்தவர் இல்லை, புத்தக பைண்டிங் கடையில் வேலை கற்றவர். சமன்பாடாக எழுதியது பிற்பாடு வந்த மேக்ஸ்வெல். உன் வீட்டில் ஃபாரடே இருக்கிறார், நீ மேக்ஸ்வெல் வேலையைப் பார்.

பேப்பரைப் பற்றி: நாலாவது யூனிட்டில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் படி. அதுதான் உனக்குக் கையில் தொட்ட விஷயம். இரண்டு மார்க் பத்துக் கேள்வியும் எழுதினால் 20. பதின்மூன்று மார்க் கேள்விகளில் இரண்டை முழுதாகவும் இரண்டைப் பாதியாகவும் எழுதினால் கரை சேர்ந்துவிடலாம். படம் போடு. அம்புக்குறி இல்லாத வெக்டர் விடைத்தாளைத் திருத்தும்போது எனக்குக் கை தானாகக் குறைத்துப் போடும்.

---

கேட்டவர்: வைண்டிங் கடைப் பொண்ணு

எல்லோருக்கும் நன்றி. போர்வெல் அண்ணா, அப்பா சப்மெர்சிபிளும் கட்டுவார், ஆனால் சீசனில் பத்து நாள் ஆகும் என்று சொல்லச் சொன்னார்.

ரிலே சார், நேற்றுச் சாயங்காலம் கேட்டேன். முதல் கேள்விக்கு யோசிக்கவே இல்லை, "ஒண்ணு, ஏழு, பதிமூணு" என்றார். ஏன் என்றேன். "எங்க முதலாளி அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு. மாத்தி வெச்சா ஓடாது, உறுமும்." ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். இரண்டு போலுக்கு 360 எலெக்ட்ரிக்கல் டிகிரி, நாலு போல் என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 720. 36 ஸ்லாட். ஒரு ஸ்லாட்டுக்கு 20 டிகிரி. ஒன்றிலிருந்து ஏழுக்கு ஆறு ஸ்லாட், ஆறு இருபது 120. ஏழிலிருந்து பதின்மூன்றுக்கு இன்னொரு 120. சார், மூன்று ஃபேஸும் 120 டிகிரி தள்ளி இருக்க வேண்டும் என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! பேப்பரில் மூன்று கோடு வரைவேன், அதோடு சரி. அது என் அப்பா கையில் ஆறு ஸ்லாட்டாக இருந்தது எனக்குத் தெரியாது.

குண்டு விட்டுப் பார்ப்பீர்களா என்று கேட்டதும் சிரித்துவிட்டார். "தினமும் பாக்கறதுதானே, நீ பாத்ததில்லையா?" பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் அதை வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாவு மில் மோட்டாரின் ஸ்டேட்டர் அப்போதுதான் கட்டி முடித்துப் பெஞ்சில் இருந்தது. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கை வைத்து 40 வோல்ட் மட்டும் கொடுத்தார், ரோட்டர் இல்லாமல் முழு வோல்டேஜ் கொடுத்தால் புதுக் காயில் போய்விடுமாம். பழைய பேரிங்கில் எடுத்த குண்டை உள்ளே போட்டார். அது சுவரைப் பிடித்துக்கொண்டு விர்ரென்று சுற்றியது. அணைத்தார். இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தார். அதே குண்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. கம்பி அசையவில்லை, இரும்பு அசையவில்லை. முதல் ஃபேஸில் கரன்ட் ஏறி இறங்கும்போது அடுத்த ஆறு ஸ்லாட் தள்ளி இரண்டாவது ஏறுகிறது, அதற்கடுத்து மூன்றாவது. ஊர்த் திருவிழாவில் சீரியல் லைட் ஓடுவது மாதிரி. பல்பு எதுவும் நகர்வதில்லை, வெளிச்சம் ஓடுகிறது.

---

பதில்: பழைய ரிலே

சீரியல் லைட்! முப்பது வருடம் டிரெயினிக்கு வகுப்பு எடுத்தேன், எனக்கு இது தோன்றவில்லையே.

ஒரு எச்சரிக்கை மட்டும். குண்டு சுற்றுகிறதா என்று பார்க்கலாம், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை வைத்து மோட்டாரின் திசையை முடிவு செய்யாதே. குண்டு தானும் சுழன்றுகொண்டு சுவரில் உருளவும் செய்வதால் சில சமயம் ஏமாற்றும். இன்னொன்று செய்து பார். ஸ்டேட்டரை நிறுத்தி வைத்து, நடுவில் ஒரு கூர்க்கம்பி மேல் மெல்லிய அலுமினிய டம்ளரைக் கவிழ்த்து வை. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது, ஆனாலும் சுற்றும். ஏன் என்று யோசி. சுவிட்ச் அப்பா கையில்தான் இருக்க வேண்டும், சில வினாடிக்கு மேல் விடாதே, காயில் சூடேறும்.

---

கேட்டவர்: வைண்டிங் கடைப் பொண்ணு

செய்தோம் சார். அம்மா டம்ளர் தர மறுத்துவிட்டார், பழைய காபித்தூள் டப்பா ஒன்றுதான் கிடைத்தது. சுற்றியது. மரப் பென்சிலால் லேசாக அழுத்திப் பார்த்தேன், வேகம் குறையக் குறைய பென்சிலை இழுத்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இன்னும் பலமாக இழுத்தது. சோளம் கொட்டுவது இதுதானே? டப்பாவுக்குள்ளேயே கரன்ட் ஓடுகிறது, புலம் அதை வெட்டுவதால்தான். டப்பா புலத்தோடு சேர்ந்து ஓடிவிட்டால் வெட்டும் இல்லை, கரன்டும் இல்லை. அப்பாவிடம் அந்த அறுபதுக்கு இப்படித்தான் பதில் சொன்னேன், உங்கள் வண்டிக் கதையையும் சேர்த்து. "அப்பிடிச் சொல்லு" என்றார், அவ்வளவுதான்.

அப்புறம் சோதிக்கிற மாதிரி, "48 ஸ்லாட்டு, நாலு போல். எங்க எங்க வெப்ப?" என்று கேட்டார். 720ஐ 48ஆல் வகுத்தால் 15. 120க்கு எட்டு ஸ்லாட். ஒன்று, ஒன்பது, பதினேழு என்றேன். இருபத்தைந்து வருட டேட்டா நோட்டு ஒன்று வைத்திருக்கிறார், மூலை எல்லாம் கிரீஸ் கறை. புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். அவர் கையெழுத்தில் 1, 9, 17.

"அப்போ மோனோபிளாக் பம்பு மோட்டாரு, 24 ஸ்லாட்டு ரெண்டு போல்?" அதற்கும் 1, 9, 17தான் என்றேன். நோட்டிலும் அதுதான் இருந்தது. "ரெண்டுக்கும் ஒரே நம்பர் வருதேன்னு நானும் யோசிச்சிருக்கேன். சரி, அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்" என்றார். இரண்டு போல் என்றால் 360, அதை 24ஆல் வகுத்தால் அங்கேயும் 15தானே அப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, இரண்டு பக்கத்து ஓரத்திலும் 15 என்று எழுதி வைத்துக்கொண்டார்.